ஓட்ஸ் அவருக்கு மட்டும்

செப்டம்பர் 3, ஞாயிறு

இன்றுதான் முதன்முதலாக வீட்டில் ஓட்ஸ் காய்ச்சினேன். பாக்கெட்டின் பின்னால் போட்டிருந்தபடியே தண்ணீர் வைத்து, கொதி வந்ததும் கொட்டிக் கிளறினேன். அடுப்பைத் தணிப்பதற்குள் இறுகிப்போயிற்று. இவர் கரண்டியில் அள்ளிக் கவிழ்த்துப் பார்த்தார். விழவில்லை.

"இத வச்சு சொவத்துல போஸ்டர் ஒட்டலாம்" என்றார்.

சிரித்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. போன வாரம் பார்சல் ஆபீஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூட வேலை பார்ப்பவர்கள் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். பெரிய அடைப்பு இல்லை, மாத்திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர் பர்வீன். ஆனால் சர்க்கரை வெறும் வயிற்றில் இருநூற்றுப் பன்னிரண்டு. கெட்ட கொழுப்பு நூற்று எழுபத்தாறு. இதையெல்லாம் உடம்பில் வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் பார்சல் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஓட்ஸ், ஓசூரிலிருந்து மகள் சுபா அனுப்பியது. சர்க்கரை பார்க்கிற சின்ன மெஷினும் கூடவே வந்தது. அப்பாவுக்கு இனிமேல் காலையில் இட்லி தோசை கிடையாது என்று போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

ஆனால் ஒரு தூக்கு மாவு இருக்கிறது. கீழே ஊற்ற முடியுமா? அவருடைய தோசையையும் சேர்த்து நானே தின்றுவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன்.

செப்டம்பர் 6, புதன்

இந்த டைரியே கடையில் வருஷாவருஷம் கொடுப்பதுதான். எங்கள் ஜவுளிக்கடையின் மாடியில் பட்டுப் பிரிவு. பத்தொன்பது வருஷமாக அங்கேதான் நிற்கிறேன். வெள்ளை விரிப்பில் செருப்புக் கால் படக்கூடாது என்பது கடைச் சட்டம். அதனால் காலையிலிருந்து கடை சாத்தும்வரை எல்லோரும் வெறுங்காலோடுதான். இப்போது ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். கூட்டம் இருக்கும்போது யார் உட்காருவது?

மேனேஜர் கணபதிராமன் இன்று எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். தீபாவளி முடிகிறவரை யாருக்கும் லீவு இல்லையாம். இவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் எடுத்த லீவை எல்லோர் முன்னாலும் சொல்லிக்காட்டினார். போன வருஷம் முட்டிவலி என்று லீவு கேட்ட சொர்ணத்தை குடோனுக்கு மாற்றியதும் இந்த மேனேஜர்தான். வெளிச்சம் இல்லாத இடம். சொர்ணம் இரண்டு மாதத்தில் நின்றுவிட்டாள்.

இவர் இன்னும் வேலைக்குப் போக ஆரம்பிக்கவில்லை. நான் நிற்கத்தான் வேண்டும்.

செப்டம்பர் 9, சனி

ஓட்ஸை மோரில் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டுக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் குடித்தார். எனக்குப் பழைய சோறும் ராத்திரி வைத்த தேங்காய்ப்பால் சொதியும்.

செப்டம்பர் 15, வெள்ளி

சமையலறை கைமாறிவிட்டது. நான் ஏழரைக்கு ஓடவேண்டியிருப்பதால் காலை ஓட்ஸை இவரே செய்துகொள்கிறார். சட்டியில் வெறுமனே வறுத்து எடுத்து வைத்துக்கொள்கிறார். கடுகு, கறிவேப்பிலை, கேரட், பீன்ஸ் எல்லாம் தாளித்து, கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து மூடுகிறார். ரவை உப்புமா மாதிரியே உதிரியாக வருகிறது. முப்பது வருஷத்தில் ஒரு டம்ளர் வெந்நீர் வைத்தறியாதவர்.

"ஒரு வாய் தின்னு பாரு வடிவு" என்று கரண்டியோடு வாசல்வரை வந்தார்.

அவருக்கு அளந்து வைத்தது, நான் எதற்குத் தின்ன வேண்டும்? அதோடு இந்த வாரம் எனக்கு என்னவோ பசி அடங்கவே இல்லை. தண்ணீர் வேறு சொம்பு சொம்பாக இறங்குகிறது. இந்த வருஷம் புரட்டாசி பிறக்கப்போகிற நேரத்திலும் வெயில் குறைகிற மாதிரி இல்லை.

பக்கத்துக் கவுண்டரில் நிற்கும் ஜெசிந்தா, "மெலிஞ்சிட்டீங்களே அக்கா, நீங்களும் ஓட்ஸ் சாப்பிடுதீங்களா?" என்று கேட்டாள். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று கிடப்பது உண்மைதான். ஒருவகையில் சந்தோஷமாக இருந்தது.

செப்டம்பர் 22, வெள்ளி

இன்று ஒரு வேடிக்கை. மதியம் வெள்ளை விரிப்பில் அங்கங்கே சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்தது. சேலை எடுக்க வந்த அம்மா ஒருத்தி வைத்திருந்த குங்குமம் சிந்திவிட்டது என்று நினைத்துத் துடைக்கக் குனிந்தேன். பார்த்தால் என் காலிலிருந்துதான். சேலையில் குத்தி வருகிற குண்டூசி ஒன்று வலது காலில், இரண்டாவது விரலுக்குக் கீழே, கொண்டை வரைக்கும் ஏறியிருக்கிறது. ஜெசிந்தாதான் பிடுங்கினாள். எப்படித் தெரியாமல் இருந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

நின்று நின்று மரத்துப்போன கால், வேறென்ன.

சுபா வாரம் ஒருமுறை எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறாள். இவருக்கு வெறும் வயிற்றில் நூற்று ஐம்பத்து நாலு.

செப்டம்பர் 30, சனி

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பர்மிஷன் போட்டு இவரோடு டாக்டரிடம் போய்வந்தேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, ஆனால் சாப்பிட்ட பிறகு பார்த்தால் இருநூற்றுத் தொண்ணூறு. டாக்டர் பர்வீன் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அப்போதுதான் வெளியே வந்தது. உப்புமா அலுத்துப்போய், இந்த வாரம் முழுக்கப் பாலில் ஓட்ஸ் வேகவைத்து, நாட்டு வாழைப்பழம் இரண்டும் கருப்பட்டியும் பிசைந்து, பெரிய கிண்ணத்தில் சாப்பிட்டிருக்கிறார். ராத்திரிக்கும் அதுவே.

"ஓட்ஸ்தான டாக்டர்" என்றார் பாவமாக.

"ஓட்ஸும் தானியந்தான் அய்யா. அரை கப் தாண்டினா அதுவும் சோறு மாதிரிதான் வேல செய்யும்" என்றார்கள்.

உடனே வெந்துபோகிற தூள் ரகமும் மசாலாப் பாக்கெட்டும் வேண்டாம், தட்டையாக முழுசாக இருப்பதை வாங்குங்கள், காய்கறி நிறையப் போடுங்கள், கூட ஒரு கைப்பிடி சுண்டலோ முட்டையின் வெள்ளையோ வைத்துக்கொள்ளுங்கள் என்று பொறுமையாகச் சொன்னார்கள். இவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரித் தலையாட்டினார்.

எழுந்திருக்கும்போது டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்க கடைசியா எப்ப ரத்தம் பாத்தீங்கம்மா?" என்று கேட்டார்கள். எனக்கு ஒன்றும் இல்லை என்றேன். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்றார்கள். இல்லை என்றேன். கடைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி இவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

டாக்டர்களுக்கு யாரைப் பார்த்தாலும் நோயாளியாகத்தான் தெரியும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஞாபகம் வந்தது. அதை எழுதப்போவதில்லை.

அக்டோபர் 8, ஞாயிறு

வீட்டில் சண்டை. இவர் கொழுப்பு மாத்திரையை நிறுத்தி ஒரு வாரமாகிறதாம். கீழ்வீட்டு வாத்தியார் ஏதோ வீடியோ காட்டியிருக்கிறார். ஓட்ஸில் இருக்கிற நார் ரத்தத்துக் கொழுப்பையெல்லாம் வழித்துக்கொண்டு போய்விடும், மாத்திரை ஈரலைக் கெடுக்கும் என்று அதில் சொல்கிறார்களாம். நான் கத்தின கத்தலில் வாத்தியார் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

டாக்டருக்குப் போன் போட்டு இவரிடமே கொடுத்தேன். ஓட்ஸ் உதவி செய்யும், கொஞ்சம் குறைக்கும், ஆனால் ஒருமுறை நெஞ்சுவலி வந்தவருக்கு அது மட்டும் போதாது, மாத்திரையை நிறுத்தினால் அடுத்த தடவை ஆட்டோவில் கொண்டுவர நேரம் இருக்காது என்று சொன்னார்களாம். முகம் வெளுத்துப்போய்ப் போனைத் திருப்பிக் கொடுத்தார். என் கண்முன்னாலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

"உங்க ஒடம்ப நீங்க பாக்காட்டி யாருங்க பாப்பாங்க?" என்று கேட்டேன்.

குண்டூசி குத்தின இடம் இன்னும் ஆறவில்லை. மஞ்சளும் வேப்பெண்ணெயும் காய்ச்சிப் போடுகிறேன்.

அக்டோபர் 16, திங்கள்

கூட்டம் ஆரம்பித்துவிட்டது. கல்யாணப் பட்டு எடுக்க வந்த ஒரு குடும்பத்துக்கு மட்டும் எண்பது சேலை பிரித்துப் போட்டேன். விலைச் சீட்டில் எழுத்து தெளிவாகத் தெரியவில்லை. ஆறு எட்டாகவும் எட்டு ஆறாகவும் தெரிகிறது. ஜெசிந்தா படித்துச் சொல்கிறாள். தீபாவளி முடிந்ததும் கண்ணாடி மாற்ற வேண்டும்.

இவருக்கு நூற்று இருபத்தெட்டு. காலையில் மைதானத்தைச் சுற்றி நடக்கிறார். பார்சல் ஆபீஸில் அடுத்த மாதம் வந்து சேரச் சொல்லிவிட்டார்கள்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. கடையில் பூஜை முடிந்து சுண்டல், பொரி, லட்டு கொடுத்தார்கள். இவர் லட்டைத் தொடமாட்டார், அதையும் நானே தின்றேன்.

கால் வீங்கியிருக்கிறது. காலையில் பிளாஸ்திரி போட்டு, அதன்மேல் இவருடைய பழைய பனியன் துணியைச் சுற்றிக்கொண்டு போகிறேன். கேட்டால் சுளுக்கு என்று சொல்லிவிடுகிறேன். இன்று ஜெசிந்தா, எங்கோ எலி செத்துக் கிடக்கிறது போலிருக்கிறது என்று அலமாரிக்கு அடியிலெல்லாம் தேடினாள். நானும் சேர்ந்து தேடினேன்.

அக்டோபர் 29, ஞாயிறு

எழுத நேரமில்லை.

நவம்பர் 3, வெள்ளி

இன்று வீட்டில் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

இவர் காலையில் தரை துடைத்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அதுவும் அவர் வேலைதான். அடுப்படியிலிருந்து வாசல்வரை நான் நடந்துபோன தடம், ஒரு கால் மட்டும், மஞ்சளாக ஈரமாகப் பதிந்திருக்கிறது. குனிந்து முகர்ந்து பார்த்திருக்கிறார். நான் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டிருந்தபோது வந்து, வாசற்படியிலேயே எனக்கு முன்னால் உட்கார்ந்து துணியை அவிழ்த்தார். தடுத்தும் கேட்கவில்லை.

புண் பார்க்க நன்றாக இல்லைதான். இரண்டாவது விரல் கருத்துக்கொண்டு வருகிறது. அழுத்தினார், வலிக்கிறதா என்று கேட்டார். வலித்தது என்று பொய் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

உள்ளே போய் மெஷினை எடுத்துவந்தார்.

"கைய நீட்டு."

"நேரமாச்சுங்க."

"கைய நீட்டுங்கேன்லா."

நீட்டினேன். என் கையை இவர் பிடித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு என்று வந்தது. மெஷின் பழுதாகியிருக்கும் என்றேன். ஊசியை மாற்றித் தன் விரலில் குத்திக்கொண்டார். நூற்று இருபத்தொன்று.

"மெஷின் சரியாத்தான் இருக்கு" என்றார்.

காலையில் தின்ற தோசை அப்படிக் காட்டியிருக்கும். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னார். தீபாவளிக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது, அது முடிந்த மறுநாளே வருகிறேன் என்றேன். உனக்குக் கடைதான் முக்கியமா என்றார். நீங்கள் படுத்துக் கிடந்தபோது இந்தக் கடைதான் சோறு போட்டது என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் வழிவிட்டுத் தள்ளி நின்றார்.

மூலை திரும்பும்போது பார்த்தேன். என் தடத்தைத் துடைக்காமல் அப்படியே வாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

நவம்பர் 15, புதன்

டைரியை இவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். எழுத்து கோணலாக வருகிறது.

ஐந்தாம் தேதி, தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். எனக்குக் காலையிலிருந்தே குளிர் காய்ச்சல். பதினொரு மணி இருக்கும். லிப்டிலும் கூட்டம் என்று படியேறி இவர் வந்தார். மாடி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பது இவருக்கும் தெரியும். மூச்சு வாங்கியது. நேராக என் கவுண்டருக்கு வந்து, சேலை எடுக்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வீட்டுக்கு வா வடிவு."

எதிரில் ஒரு தாயும் மகளும் மாம்பழக் கலர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களுக்குச் சேலையைப் பிரித்துக் காட்டிக்கொண்டே, போய்விடுங்கள் என்று அடிக்குரலில் சொன்னேன். அவர் அசையவில்லை. கணபதிராமன் வந்து, என்ன சார் வேண்டும் என்று கேட்டார்.

"எம் பொண்டாட்டி வேணும். அவ கால் அழுகிக்கிட்டு இருக்கு. அவ எந்திரிச்சு வார வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்" என்றார் இவர்.

சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் சுற்றியிருந்த எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மேல்தட்டிலிருந்து இன்னொரு கட்டுச் சேலை எடுப்பதற்காகத் திரும்பி எக்கினேன். அவ்வளவுதான் ஞாபகம். சேலைகள் எல்லாம் என்மேல் சரிந்து விழுந்ததாக ஜெசிந்தா பிறகு சொன்னாள்.

சர்க்கரை ஐந்நூறைத் தாண்டியிருந்ததாம். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதாம். இரண்டு நாள் நான் யாரையும் அடையாளம் தெரியாமல் பேசியிருக்கிறேன். "அம்மா காலுக்கு வெந்நி வச்சாச்சா?" என்று சுபாவிடமே கேட்டேனாம்.

இனிமேல் எழுதாமலிருந்து என்ன பயன்?

எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை. எனக்குக் கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். முதலில் ஒரு விரல், பிறகு பாதம், பிறகு கால். ஒவ்வொரு தடவையும் இதோடு முடிந்தது என்றார்கள். கட்டு மாற்றுவது என் வேலை. அந்த வாடை எனக்கு நன்றாகத் தெரியும். அலமாரிக்கு அடியில் ஜெசிந்தா எலியைத் தேடியபோதே எனக்குத் தெரியும். தாகம் எடுத்தபோதும், குண்டூசி வலிக்காதபோதும் தெரியும். டாக்டர் கேட்டபோது குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று சொன்னதும் தெரிந்துதான். விரலில் ஊசி குத்தி ஒரு எண் வந்துவிட்டால் நானும் அம்மா கிடந்த அந்தக் கட்டிலில் போய்ப் படுத்தாக வேண்டும் என்று இருந்தது. எண் வராமலிருந்தால் படுக்க வேண்டாம்.

நவம்பர் 16, வியாழன்

இரண்டு விரல்களை எடுத்தாக வேண்டும் என்று ஆபரேஷன் டாக்டர் சொல்லிவிட்டார். இன்னும் நாலு நாள் கழித்து வந்திருந்தால் பாதமே என்றார். பாரத்தில் கையெழுத்துப் போட இவரைக் கூப்பிட்டார்கள். இவர் பேனாவை வாங்கினார், ஆனால் போட முடியவில்லை. நான் வாங்கிப் போட்டேன்.

இதோடு முடிந்துவிடுமா என்று டாக்டரிடம் கேட்டேன். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் முடிந்துவிடும் என்றார். அம்மாவுக்கு யாரும் அந்த முதல் பாதியைச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

நவம்பர் 21, செவ்வாய்

எடுத்தாயிற்று.

நவம்பர் 27, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டேன். சுபா தொடையில் இன்சுலின் போடக் கற்றுக்கொடுத்துவிட்டு ஊருக்குப் போனாள். போகும்போது அவள் ஒன்றும் திட்டவில்லை. தெருமுனைவரை போய்த் திரும்பிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள், மறுபடி போனாள்.

கட்டு மாற்றுவது இவர். பார்சல் ஆபீஸில் இன்னும் ஒரு மாதம் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டார். கட்டு மாற்றும்போது நான் ஜன்னலைப் பார்த்துக்கொள்கிறேன். அவர் கையுறை போட்டுக்கொண்டு, மருந்துத் தண்ணீரில் கழுவி, முகம் சுளிக்காமல் செய்கிறார். நான் அம்மாவுக்குச் செய்தபோது முகம் சுளித்திருக்கிறேன்.

காலையில் இரண்டு தட்டு வைத்தார். இரண்டிலும் அளந்த ஓட்ஸ், காய்கறி, ஒரு பிடி பாசிப்பயறு. நான் தோசை கேட்டேன். மாவு அரைக்கவில்லை என்றார். பிடிக்கவில்லை என்றேன்.

"எனக்கு மட்டும் பிடிச்சா திங்கேன்?" என்றார்.

சாப்பிட்டேன். கொழகொழவென்று தொண்டையில் நிற்கிறது. இத்தனை நாள் இதையா இந்த மனுஷர் வாய் திறக்காமல் தின்றார்?

டிசம்பர் 4, திங்கள்

இன்று ஜன்னலைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தேன்.

மூன்று விரல் இருக்கிறது. பெருவிரலுக்கு அடுத்து ஒரு பள்ளம், அதன் ஓரம் சிவப்பாகச் சதை வளர்ந்துவருகிறது. அது நல்ல சிவப்பு என்றார் இவர், நர்ஸ் சொன்னதாக. எனக்கு அழுகை வந்தது. அவர் பஞ்சை வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, என் முட்டியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காலைச் சர்க்கரை நூற்று அறுபத்தெட்டு.

டிசம்பர் 7, வியாழன்

கணபதிராமன் போன் செய்தார். ஜனவரியிலிருந்து வரலாமாம். குடோனில் நாற்காலி, டியூப் லைட் போட்டுத் தருகிறார்களாம், அங்கே செருப்பும் போட்டுக்கொள்ளலாமாம். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். இனி வெறுங்காலோடு எங்கும் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால், குடோனை விட்டால் வேறு வழியில்லை, யோசிக்க ஒன்றும் இல்லை.

சாயங்காலம் ஜெசிந்தா பேசினாள். கிறிஸ்மஸ் கூட்டம் தொடங்கிவிட்டதாம். பேச்சு வாக்கில், ஒரு சொம்பு தண்ணி குடிச்சும் வாய் காயுது அக்கா என்றாள். ரத்தம் பார்த்தாயா என்று கேட்டேன்.

"கிறிஸ்மஸ் முடியட்டும் அக்கா" என்றாள்.

டிசம்பர் 11, திங்கள்

இன்று மதியம் இவரைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் கடைக்குப் போனேன். லிப்டில் ஏறிப் பின்பக்கச் சாப்பாட்டு அறைக்குப் போனோம். இவர் வெளியே நின்றுகொண்டார். பெண்கள் எல்லோரும் தூக்கைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். எங்கே, எப்படி என்று ஆளாளுக்குக் கேட்டார்கள், ஆனால் கண்ணெல்லாம் கட்டின்மேல்தான்.

ஜெசிந்தா பக்கத்தில் போய் உட்கார்ந்து மெஷினை மேஜைமேல் வைத்தேன். ஆளுக்கொரு புது ஊசி கொண்டுபோயிருந்தேன்.

"சாப்பிட்டுட்டுப் பாப்போம் அக்கா" என்றாள்.

"சாப்பிடுததுக்கு முந்திதான் பாக்கணும். கையக் கொண்டா."

"கூட்டம் நிக்குது அக்கா. சார் வைவாரு."

நான் அவளிடம் வாதாடவில்லை. புண்ணின்மேல் சுற்றியிருந்த கட்டைக் காட்டி, "எனக்கும் கூட்டந்தான் நின்னுச்சு ஜெசி" என்று மட்டும் சொன்னேன்.

கையைத் தந்தாள். சின்னக் கை, சேலை மடித்து மடித்து விரல் நுனியெல்லாம் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. அழுத்திய பிறகுதான் ரத்தம் வந்தது. அறையில் யாரும் சாப்பிடவில்லை. இருநூற்று நாற்பத்தொன்று என்று வந்தது.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. எண்ணைப் பார்த்தாள். தண்ணீர் குடித்தாள். இது ரொம்ப அதிகமா என்று கேட்டாள். அதிகம்தான், ஆனால் நான் வந்து விழுந்த இடத்துக்கு நீ இன்னும் வரவில்லை, நாளைக்கே டாக்டர் பர்வீனிடம் போகலாம், நானும் கூட வருகிறேன் என்றேன். தலையாட்டினாள். ரொம்ப நேரம் தூக்கின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர்ட்ட நீங்களே சொல்லுங்க அக்கா. நான் சொன்னா அழுதுருவேன்."

சொல்கிறேன் என்றேன். அவளுக்குப் பக்கத்தில் இருந்த பெண் தூக்கை நகர்த்திவிட்டு, தன் கையை நீட்டினாள்.